முதுமைக்குச் சோறு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர்த் திங்கள் பிறந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சிறு சடங்கு நடக்கும். என் பாட்டனார் வெள்ளை வேட்டி உடுத்தி, நெற்றியில் நீறிட்டுக்கொண்டு, தாம் உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க வங்கிக்குப் புறப்படுவார். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. "எமன் கேட்பதற்கு முன்னால் அரசாங்கம் கேட்டுவிடுகிறது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டு எழுத்தராக இருந்து 2004-இல் ஓய்வு பெற்றவர் அவர். கடைசி மாதம் வாங்கிய சம்பளத்தைவிட இன்று அவர் வாங்கும் ஓய்வூதியம் அதிகம். அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை ஏறுகிறது. ஊதியக் குழுவின் பரிந்துரை வரும்போது ஓய்வூதியமும் திருத்தப்படுகிறது. நான் தில்லிக்கு வந்து படிக்க ஆகும் செலவில் பாதி அந்தப் பணம்தான். இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இதற்குத் தேவை இருக்கிறது.

என் தந்தையார் திருச்சிப் பொன்மலை இரயில்வே பணிமனையில் 2006-இல் சேர்ந்தவர். அவரும் மத்திய அரசின் ஊழியரே. ஆனால் பாட்டனாருக்கும் அவருக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர், படைவீரர் நீங்கலாக, புதிய ஓய்வூதியத் திட்டத்திற்கு உட்பட்டனர். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்து மாதந்தோறும் பிடிக்கப்படும். அரசு முதலில் பத்தும், 2019 ஏப்ரல் முதல் பதினான்கும் தன் பங்காகச் சேர்த்தது. அப்பணம் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் இடப்படும். அறுபதாம் வயதில் திரண்ட தொகையில் நூற்றுக்கு நாற்பதையாவது கொடுத்து, காப்பீட்டு நிறுவனமொன்றிடம் மாத வருவாய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வருவாய் எவ்வளவு என்பதைச் சந்தைதான் சொல்லும். பாட்டனாருக்கு ஓய்வூதியம், தந்தையாருக்குக் கணக்குச் சீட்டு. ஒரே திண்ணையில் இருவரும் அமர்ந்திருந்தாலும் ஒருவர் முகத்தில் உள்ள அமைதி மற்றவர் முகத்தில் இல்லை.

நான் தில்லிக்கு வந்த ஆண்டிலேயே இதன் பெருவடிவத்தைக் கண்டேன். 2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. பழைய ஓய்வூதியத்தை மீண்டும் தரவேண்டும் என்று கோரி நாடெங்கிலுமிருந்து அரசு ஊழியர் ராம்லீலா மைதானத்தில் திரண்டனர். தந்தையாரின் நண்பர் ஒருவர் பொன்மலையிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கச் சென்ற நான், அந்தக் கூட்டத்தைக் கண்டு மலைத்து நின்றேன். ஆசிரியரும் செவிலியரும் இரயில்வே தொழிலாளரும் வெயிலில் அமர்ந்திருந்தனர். அதற்குள் இராசஸ்தான், சத்தீசுகர், சார்க்கண்டு, பஞ்சாப், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்திருந்தன. மறு ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் மத்திய அமைச்சரவை 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' ஒன்றை ஏற்றது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டு பணி புரிந்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி; அவருக்குப் பின் துணைவிக்கு அதில் நூற்றுக்கு அறுபது; விலைவாசிக்கேற்ப உயர்வும் உண்டு. ஊழியர் பங்கு பத்து அப்படியே நிற்க, அரசின் பங்கு பதினெட்டரை ஆயிற்று.

எந்தத் திட்டம் வேண்டும் என்று ஊழியரே தேர்ந்து சொல்ல வேண்டும். கெடு இருமுறை தள்ளிப்போய் 2025 நவம்பர் 30 என்று நின்றது. அப்போதுதான் தந்தையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. "நீ பொருளாதாரம் படிக்கிறாயே, எது நல்லது என்று பார்த்துச் சொல்" என்றார்.

நூலகத்தில் அமர்ந்தேன். தந்தையார் கேட்டது ஒரு விடை. எனக்குக் கிடைத்ததோ உலக வரலாறு.

செருமானியப் பேரரசில் பிசுமார்க்கு 1889-இல் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்த, அரசும் ஒரு பங்கு சேர்த்தது. எழுபது வயதில் ஊதியம். பிரிட்டனில் 1908-இல் சட்டம் இயற்றி, 1909 சனவரி முதல், எழுபது வயதைத் தாண்டிய ஏழைகட்கு வாரம் ஐந்து சில்லிங் கொடுத்தனர். அவர்கள் அதற்காக ஒரு காசும் கட்டியிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதல் மாத ஊதியம் பெற்ற அம்மையார் ஐடா மே புல்லர். மூன்று ஆண்டில் அவர் செலுத்திய வரி 24 டாலர் 75 சென்டு. 1940 சனவரியில் வந்த முதல் காசோலையே 22 டாலர் 54 சென்டு. அவர் நூறு வயது வாழ்ந்தார். பெற்ற மொத்தத் தொகை 22,888 டாலருக்கு மேல்!

இதைப் படித்தபோது ஓய்வூதியத்தின் உட்பொருள் எனக்கு விளங்கிற்று. நீண்ட நாள் வாழ்வது மங்கலம் என்று வாழ்த்துகிறோம். ஆனால் கையில் பொருளில்லாதவனுக்கு நீண்ட வாழ்வே ஓர் ஆபத்து. அந்த ஆபத்தை யார் தாங்குவது? பாட்டனார் முறையில் அரசு தாங்குகிறது. தந்தையார் முறையில் தனி மனிதன் தாங்குகிறான். திட்டங்களின் பெயர் எத்தனை மாறினாலும் கேள்வி இது ஒன்றுதான்.

தனி மனிதன் தலையில் அதை முழுவதும் ஏற்றிய நாடு சிலி. 1981-இல் இராணுவ ஆட்சியின்போது ஒவ்வொரு தொழிலாளியும் தன் ஊதியத்தில் பத்து விழுக்காட்டைத் தனியார் நிறுவனக் கணக்கில் போட வேண்டும் என்றாக்கினர். முதலாளி ஒன்றும் தர வேண்டியதில்லை. அங்கேயும் படையினருக்கு மட்டும் விலக்கு! உலகமெல்லாம் அதைப் புகழ்ந்தது. ஒரு தலைமுறை கழிந்தபின், இடையிடையே வேலையிழந்தோருக்கும் பெண்களுக்கும் மிகச் சிறு தொகையே மிஞ்சிற்று. 2008-இல் அரசு ஏழை முதியோருக்குத் தன் பணத்தைக் கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் மக்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். 2025-இல் முதலாளிகளும் பங்கு செலுத்த வேண்டும் என்று சட்டம் செய்தனர்.

நம்மவர் வாழும் நாடுகளையும் பார்த்தேன். மலேயாவில் 1951-லும் சிங்கப்பூரில் 1955-லும் இலங்கையில் 1958-லும் சேமநிதிகள் ஏற்பட்டன. இலங்கையில் தொழிலாளி எட்டும் முதலாளி பன்னிரண்டும் செலுத்த, முடிவில் மொத்தமாகக் கையில் பணம் வரும். மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் தமிழ்ப் பெண்களுக்கும் அந்நிதி உண்டு. ஆனால் 2022-இல் அந்நாட்டு விலைவாசி ஓராண்டுக்குள் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது உயர்ந்தபோது, முப்பது ஆண்டுச் சேமிப்பு கண்ணெதிரே கரைந்தது. சேமித்தால் மட்டும் போதாது. சேமித்த பணத்துக்கு விலைவாசியிலிருந்து காவலும் வேண்டும்.

இவற்றையெல்லாம் கோத்து, இரண்டு பக்கக் குறிப்பாகத் தந்தையாருக்கு அனுப்பினேன். சந்தை நன்றாக நடந்தால் பழைய கணக்கில் பணம் மிகுதியாகத் திரளலாம். மிஞ்சுவது பிள்ளைகளுக்கும் வரலாம். புதியதில் தொகை உறுதி, விலைவாசிக்குக் காவல் உறுதி. படித்துவிட்டு அவர் கேட்டார்: "அறுபதுக்கு மேல் நான் எத்தனை ஆண்டு இருப்பேன் என்று உன் பாடத்தில் எழுதியிருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியானால் உறுதியானதே போதும். உன் அம்மாவுக்கும் வேண்டுமல்லவா?" என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டார். என் இரண்டு பக்கத்தையும் அவர் ஒரு வரியில் முடித்தார்.

கட்டுரையை நானும் இத்துடன் முடித்திருப்பேன். முடிக்கவிடாதவர் ஒரு பாட்டி.

நம் மன்றத்தின் சார்பில் ஜங்புராவிலிருந்த மதராசி முகாமுக்குப் பிள்ளைகட்குப் பாடம் சொல்லித்தர நம்மிற் சிலர் சென்றதுண்டு. பாராபுல்லா வாய்க்கால் கரையில் பல்லாண்டுகளாகத் தமிழர் வாழ்ந்த அந்தக் குடியிருப்பு, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 சூன் 1-ஆம் நாள் இடிக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் வீடு கிடைத்தது. நான் சொல்லும் பாட்டி மகன் குடும்பத்தோடு அங்கே போனவர். விழுப்புரத்துப் பக்கம், தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டு. அத்தனை ஆண்டும் நிசாமுத்தீனிலும் ஜங்புராவிலும் வீட்டு வேலை. இப்போது விடியற்காலையில் பேருந்து ஏறி, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, எஞ்சிய ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்புகிறார். வயது அறுபத்தெட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் என் ஆராய்ச்சியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. நான் தேச்ச பாத்திரத்துக்கு எந்த ஆபீசுல கணக்கு வச்சிருக்காங்க?"

எனக்கு விடை வரவில்லை. அமெரிக்கச் சட்டமும் 1935-இல் வீட்டு வேலைக்காரரையும் பண்ணை வேலைக்காரரையும் வெளியே நிறுத்தியது. 1950-இல்தான் அவர்களை உள்ளே அழைக்கத் தொடங்கியது. நம் நாட்டிலோ, 1982 திசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் பிச்சையன்று, உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அவ்வுரிமை வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே. இன்னொன்று கேளுங்கள். 1998-இல் தவே தலைமையில் அமைந்த 'ஒயாசிசு' குழு, நிலையான முதலாளி இல்லாத உழைப்பாளிகளின் முதுமையைக் கருதியே அமைக்கப்பட்டது. அந்தச் சிந்தனையில் பிறந்த தனிக்கணக்கு முறை முதலில் போய்ச் சேர்ந்த இடம் அரசு அலுவலகம்! பொதுமக்களுக்கு அதன் கதவு 2009-இல் திறந்தது. ஆனால் அன்றாடம் உண்டு முடிக்கும் கூலியில் எதைப் பிடித்து அதில் போடுவது?

ஏழை முதியோருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னை மாநிலம் 1962-லேயே மாதம் ரூ. 20 கொடுக்கத் தொடங்கியது. தமிழகத்தில் 2023-இல் அது ரூ. 1,200 ஆயிற்று. மத்திய அரசின் திட்டம் 1995-இல் ரூ. 75-இல் தொடங்கி, 2006-இல் ரூ. 200 ஆகி, 2011-இல் எண்பது வயதினர்க்கு மட்டும் ரூ. 500 ஆயிற்று. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் ஒரு ரூபாயும் ஏறவில்லை. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. 2012-இல் அருணா ராயும் பாபா ஆடவும் முதியோரைத் திரட்டி ஜந்தர் மந்தரில் அமர்ந்து, குறைந்தபட்சக் கூலியில் பாதியை ஓய்வூதியமாகத் தருக என்று கேட்டனர். நம்மைவிட ஏழ்மையான நேபாளம் 1995-லேயே எழுபத்தைந்து வயதானவர் அனைவருக்கும் எதுவும் கட்டச் சொல்லாமல் உதவித்தொகை கொடுக்கத் துணிந்தது. எனவே, வழியில்லை என்று சொல்வது பொருந்தாது.

பாட்டி வாங்கும் சவுக்காரக் கட்டியிலும் வரி இருக்கிறது. நாற்பது ஆண்டாக அவர் கொடுத்த வரியில் ஒரு துளி என் பாட்டனாரின் ஓய்வூதியத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து என் படிப்புக்கும் வந்திருக்கிறது. இதற்காகப் பாட்டனாரின் ஓய்வூதியத்தைக் குறைக்க வேண்டும் என்பேனா? மாட்டேன், அது அவர் உழைப்பின் பயன். ஒருவர் இலையில் இருப்பதை எடுத்து மற்றவருக்கு இடுவது விருந்தாகாது. ஆனால் பந்தியில் உட்காரவே இடம் பெறாதவரை மறந்துவிட்டு, இலையில் உள்ளதன் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் முறையாகாது. நம்மிற் பலர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறோம். நாளை அந்த மேசைகளுக்கு அப்பால் அமரப் போகிறவர்கள் நாம்தாம்.

பாட்டிக்காக முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று எழுதினோம். பழைய முகவரி மண்ணாகிவிட்டது. புதிய முகவரிக்கு அவர் பெயரில் சான்று இல்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்ட, மூன்று முறை அலைந்தோம். விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

சென்ற நவம்பரில் பாட்டனார் வங்கிக்குப் போகவில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். என் பாட்டனார் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுதோறும் கேட்க ஓர் அரசாங்கம் இருக்கிறது. நரேலாப் பாட்டியை அப்படிக் கேட்பார் ஒருவரும் இல்லை.

அவரைப்போல் அங்கே இன்னும் பலர் உளர். வரும் ஞாயிறு காலை நாங்கள் மூவர் விண்ணப்பத் தாள்களோடு நரேலா செல்கிறோம். இந்தி எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் உடன் வந்தால் வேலை விரைவில் முடியும்.