நாளைக்கு ரெண்டு சிகரெட்தானே?



புகைத்தால் நெஞ்சும் நுரையீரலும் கெடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வருத்தத்தின் பெயர் பேர்கர் நோய். 1908ல் நியூயோர்க்கில் லியோ பேர்கர் என்ற வைத்தியர் இதை விளக்கி எழுதியதால் வந்த பெயர்.

இது வயசாளிகளின் வருத்தமல்ல. பெரும்பாலும் 45 வயதுக்குட்பட்ட, சிகரெட் அல்லது பீடி குடிக்கும் ஆண்களுக்கே வருகிறது. மேற்கு நாடுகளை விட நம் தென்னாசியாவில் அதிகம். கை கால்களின் சிறிய இரத்தக் குழாய்கள் அழற்சியடைந்து, உள்ளே இரத்தம் கட்டிப்பட்டு அடைத்துவிடும். சீனியும் கொலஸ்ட்ரோலும் சரியாக இருப்பவருக்கும் வரும்.

அறிகுறிகளைக் கவனியுங்கள்:
- நடக்கும்போது உள்ளங்காலில் வலி
- விரல்கள் குளிர்ந்து வெளிறுவது, நீலமாவது
- இரவில் தூங்க விடாத வலி
- விரல் நுனியில் ஆறாத புண்

நம் பக்கம் "குளிருக்குக் கால் விறைக்குது" என்று எண்ணெய் தடவுவதிலேயே நாள் போய்விடும். புண் வந்தால் "சீனியாக இருக்கும்" என்போம். அதற்குள் விரல் கறுத்துவிடும்.

அடைபடுவது மிகச் சிறிய குழாய்கள். அதனால் பைபாஸ் செய்வது பெரும்பாலும் முடியாது. மருந்து வலியைக் குறைக்கும். நோயை நிறுத்துவது புகையிலையை அடியோடு விடுவது மட்டுமே. "குறைச்சிட்டேன், நாளைக்கு ரெண்டுதான்" என்ற பேச்சு இங்கே செல்லாது. அந்த ரெண்டே நோயை வளர்க்கப் போதும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படித்தான். 1990ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து புகைத்தவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் விரலோ காலோ எடுக்க வேண்டி வந்தது. விட்டவர்களில் 5 பேரளவில்தான்.

இந்த அறிகுறிகள் உள்ள நானாமார், தம்பிமார் வெட்கப்படாமல் கண்டி அல்லது பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். புகைப்பதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் ஆசிரியர்களாகிய நாம் கேட்பது ஒன்று. சிகரெட் வாங்கப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வாப்பாவுக்காக வாங்கிப் பழகிய கை, பிறகு தனக்காகவும் வாங்கும். பதினாறில் தொடங்குகிறவனுக்கு, குடும்பத்தைச் சுமக்க வேண்டிய முப்பதுகளில் கால் போகலாம்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக.