பிரதிகளைச் சுமப்பது

கைப்பிரதியோடு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, வெளியீட்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்றுதான். எனக்கு இதில் அருவருப்பு உண்டு; காரணத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி. சு. செல்லப்பா, எழுத்து பிரசுரப் புத்தகங்களைத் தாமே சுமந்துபோய்க் கல்லூரிகளில் விற்றார். அதுவும் விளம்பரம்தானே? விளம்பரம்தான். ஆனால் அந்தச் சுமையில் பிறர் எழுத்தும் இருந்தது. 1962இல் அவர் வெளியிட்ட 'புதுக்குரல்கள்' பலருடைய கவிதைகளின் தொகுப்பு. தன் பெயரை மட்டும் சுமப்பது வேறு காரியம்.

இன்று 50 பிரதிகூட அச்சிட முடிகிறது. 300 பிரதிக்குப் பணம் கேட்கும் பதிப்பாளரிடம் கூசாமல் கணக்குக் கேளுங்கள். கவிதையை ஆறு மாதம் பெட்டியில் போட்டுவையுங்கள். பிறகும் அது உங்களுடையதாகத் தெரிந்தால் நாலு பேருக்குத் தபாலில் அனுப்புங்கள், முன்னுரை கேட்காமல்.