முகம் தேடி வந்த செல்கள்

என் தம்பி மேலுதடு பிளந்து பிறந்தான். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததே காரணம் என்று பாட்டி கூறுவார். அம்மா மறுத்துப் பேசியதில்லை.

இவ்வாண்டு உயிரியல் வகுப்பில் சிஸ்டரிடம் துணிந்து கேட்டேன். அவர் விளக்கியதைத் தோழியருக்கும் சொல்கிறேன்.

1868-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் அறிஞர், கோழிக் கருவில் நரம்புக் குழாயை ஒட்டி மெல்லிய செல் பட்டை ஒன்றைக் கண்டார். நரம்பு முகடு எனப்படும் அச்செல்கள் தோன்றிய இடத்தில் தங்குவதில்லை. மனிதக் கருவிலும் நான்காம் வாரத்தில் அவை தலையின் பின்புறமிருந்து முகத்தை நோக்கிப் புறப்படுகின்றன. கண்ணில்லாத அவற்றுக்கு வழிகாட்டுவது யார்? சுற்றியுள்ள செல்கள் தரும் புரதங்களே! சில புரதங்கள் ‘வா’ என்று அழைக்கின்றன. சில ‘வராதே’ என்று தடுக்கின்றன. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் செய்தியை உணர்ந்ததும், செல் முன்பக்கத்தை நீட்டி, பின்பக்கத்தை இழுத்து ஊர்ந்து செல்கிறது. அப்படி வந்து சேர்ந்த செல்களால் வளரும் முகப்பகுதிகள், ஏறத்தாழ ஏழாம் வாரத்திற்குள் இணைந்து மேலுதடாகின்றன. நகர்வோ, வளர்ச்சியோ, இணைப்போ குறைந்தால் பிளவு எஞ்சுகிறது. பரம்பரை முதலிய பல காரணங்கள் அதற்கு உண்டு. கிரகணம் அவற்றுள் ஒன்றன்று.

அன்று மாலை நோட்டில் படம் வரைந்து அம்மாவுக்குக் காட்டினேன்.

“ஏழாம் வாரத்திலேயேவா? கிரகணத்தின்போது எனக்கு ஆறு மாதமாயிற்றே!” என்றார். அவர் கண்கள் நிறைந்தன.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. தம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இறைவா, அறியாமல் பிறரைப் பழிக்காத மனத்தை எங்களுக்குத் தந்தருளும்!