மில்லி கணக்கு

செல்போன் விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். கேமராவுக்கு அடுத்தபடியாகக் கொட்டை எழுத்தில் ஒரு எண் இருக்கும். 5000 எம்.ஏ.எச்.! 6000 எம்.ஏ.எச்.! மில்லி ஆம்பியர் ஹவர் என்பதன் சுருக்கம். 'மில்லி' என்றதும் சில நண்பர்களுக்கு வேறு கடை ஞாபகம் வரும். இது அந்த மில்லி இல்லை. ஆனால் ஒரு ஒற்றுமை... எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது!

இந்த எம்.ஏ.எச். வெறும் பெட்ரோல் டாங்க். பைக் வாங்கப் போனால் "டாங்க் எத்தனை லிட்டர்?" என்றா கேட்கிறோம்? "எவ்வளவு கொடுக்குது?" என்றுதானே? ஸ்க்ரீன் வெளிச்சம், உள்ளே ஓடும் சிப், டவர் கிடைக்காமல் சிக்னல் தேடி அலைவது... இவைதான் மைலேஜைத் தீர்மானிக்கின்றன.

ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் ஸ்டார் ஒட்டுவது கரண்ட் பில்லுக்காக. போனில் அந்தக் கவலை வேண்டாம். 5000 எம்.ஏ.எச். பேட்டரியை தினம் ஒரு தடவை முழுசாக சார்ஜ் செய்தாலும், வருஷம் முழுக்கப் பத்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும். தேய்வது பில் இல்லை சார், பேட்டரி!

என் மாமா பையன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மேப், ஆர்டர், காசு எல்லாம் போனில்தான். ராத்திரி எட்டு மணிக்கு, ஆர்டர் குவியும் நேரத்தில் போன் அணைந்தால் அன்றைய வரும்படியும் அணைந்தது. பதினெட்டு மாசத் தவணையில் புதுசு வாங்கக் கிளம்பினான்.

"அத்தான், 6000 போட்டிருக்கான். போதும்ல?"

"இப்ப இருக்கிறது எவ்வளவுடா?"

"5000. தினம் ரெண்டு தடவை காலியாகி ரெண்டு தடவை ஏத்துறேன்."

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் தேய்மானம் போடத் தோன்றும். பேட்டரிக்குத் தேய்மானம் வருஷக் கணக்கில் மட்டும் இல்லை, சுழற்சிக் கணக்கிலும் உண்டு. நூறு சதவீதம் செலவழித்து நிரப்பினால் ஒரு சுழற்சி. பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினாலும் ஒன்றுதான்.

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு லேபிள் கட்டாயம். ஏ முதல் ஜி வரை மார்க். அதோடு ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை சுழற்சி தாங்கும், ரிப்பேர் செய்வது சுலபமா என்றெல்லாம் போட்டாக வேண்டும். 800 சுழற்சிக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது அங்கே விதி.

கால்குலேட்டரை எடுத்தேன். பையனுக்குத் தினச் செலவு 10000. டாங்க் 6000 என்றால் நாளைக்கு 1.67 சுழற்சி. 800 சுழற்சி 480 நாளில் தீரும். பதினாறு மாசம். தவணையோ பதினெட்டு! 80 சதவீதம் என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் குறைகிற அந்த 20 சதவீதம்தான் அவனுடைய ராத்திரி எட்டு மணி.

கடைக்குப் போய், "இது எத்தனை சுழற்சி தாங்கும்?" என்று கேட்டோம்.

"மூணு கலர் இருக்கு சார். எது வேணும்?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து நெட்டில் தேடினோம். அந்த ஐரோப்பிய லேபிள்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கேயும் விற்கிற மாடலா, பேட்டரி அளவு அதேதானா என்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் சத்தமே போடாத ஒரு 5000 எம்.ஏ.எச். போன் அகப்பட்டது. 1200 சுழற்சி! தினம் இரண்டு என்றாலும் 600 நாள். இருபது மாசம்.

"வெயில்ல ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டே சார்ஜ் போடாதே. சூடுதான் பேட்டரிக்கு எமன்" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.

தவணை முடிந்த பிறகு இரண்டு மாசமாவது அந்த போன் நல்ல பேட்டரியோடு அவனுக்கே சொந்தமாக இருக்கும். இந்தக் காலத்தில் அதுவே பெரிய லாபம் இல்லையா!