பழைய எக்ஸ்ரே இருக்கா?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) தர்மவான். டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பத்து நாள் சோறும் போட்டு, "மாப்ளே, இந்த ஊர்ல காசில்லாம பாக்கணும்னா மியூசியம்தான். கிளம்புங்க" என்று அனுப்பி வைத்தார். ஒவ்வொரு பவுண்டையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என் வியாதி முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வியாதி வரும்?

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால் நேரே சவுத் கென்சிங்டன். ஸ்டேஷனிலிருந்து தரைக்கடியிலேயே நீளமாக ஒரு நடைபாதை. அதில் போய் மேலே ஏறினால், 1881-ல் திறந்த நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம். நம்ம ஊர் கோபுரம் மாதிரி சுவரெல்லாம் பொம்மைகள், சுடுமண்ணில். ஒரு பக்கம் உயிரோடு இருக்கும் மிருகங்கள், மறுபக்கம் பூண்டற்றுப் போனவை. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் 25 மீட்டர் நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் தகவல் மேஜைக்குப் போய், "சாலஞ்சர் கப்பல் கொண்டு வந்த கிளிஞ்சல் எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

அங்கே இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னச் சின்ன ஓடுகளா? அதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பார்ப்பார்கள்" என்றார் பொறுமையாக. அதாவது, ஐயாயிரம் மைல் தாண்டி வந்தது ஒரு மூடிய கதவைப் பார்க்க!

பரவாயில்லை. கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

1872 டிசம்பரில் போர்ட்ஸ்மத்திலிருந்து ஹெச்.எம்.எஸ். சாலஞ்சர் என்ற கப்பல் கிளம்பியது. பீரங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் சோதனைக்கூடம் அமைத்துக்கொண்டு போன போர்க்கப்பல். மூன்றரை வருஷம், சுமார் 1,27,000 கிலோமீட்டர். போன இடமெல்லாம் ஆழம் பார்த்தார்கள், சூடு பார்த்தார்கள், வலை வீசினார்கள். 1876 மே மாதம் திரும்பி வந்தார்கள். கொண்டு வந்ததைப் பற்றி எழுதி முடிக்க 1895 வரை ஆயிற்று. மொத்தம் 50 தொகுதி! (நம்ம ஆபீஸ் ஆடிட் ரிப்போர்ட் தாமதமாகிறது என்று இனி யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம்.)

வலையில் சிக்கியதில் மீன் மட்டுமல்ல, ஃபொராமினிஃபெரா என்ற பொடிப் பிராணிகளும் உண்டு. ஒரே ஒரு செல்தான் உடம்பு. ஆனால் மணலளவில் சுண்ணாம்பு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு மிதக்கும். வீடு முழுக்கத் துளை. பெயருக்கே 'துளை தாங்கி' என்றுதான் அர்த்தம். அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்து பிரமிடின் சுண்ணாம்புக் கல்லை உற்றுப் பார்த்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த இதன் சொந்தக்காரர்களின் ஓடுகள் காசு காசாகத் தெரியும்.

அந்த ஓடுகள் 140 வருஷமாக மியூசியத்தில் இருந்தன. பிறகு டாரா என்ற பிரெஞ்சு பாய்மரக் கப்பல் 2009-க்கும் 2016-க்கும் இடையில் கடல் கடலாகச் சுற்றி வலை வீசியது. பசிபிக்கில் இரண்டு கப்பலும் வலை போட்ட பகுதிகளின் ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன என்று விஞ்ஞானிகளுக்குத் தோன்றியது. கணக்கு பாஷையில் சொன்னால் ஓபனிங் பாலன்ஸ், குளோசிங் பாலன்ஸ்.

ஆனால் ஓட்டின் கனத்தை எப்படி அளப்பது? உடைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் 1870-களின் ஓட்டை உடைத்தால் மறுபடி யார் போய்க் கொண்டு வருவது? அதனால் மைக்ரோ சி.டி. ஸ்கேன். நமக்கு ஸ்கேன் எடுக்கும்போது நாம் படுத்திருப்போம், மெஷின் சுற்றும். இதில் தலைகீழ். மெஷின் சும்மா இருக்கும், ஓடு சுற்றும். கொஞ்சம் திருப்பி ஒரு எக்ஸ்ரே, இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொன்று என்று நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள். கம்ப்யூட்டர் அத்தனையையும் சேர்த்து முப்பரிமாண உருவமாகக் கட்டுகிறது. அப்புறம் திரையில் அதை எங்கே வேண்டுமானாலும் நறுக்கலாம், சுவர் எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் என்று அளக்கலாம். ஸ்லைடில் இருக்கும் ஓட்டுக்கு ஒரு கீறல்கூட விழாது.

2020-ல் முடிவு வெளியானது. பார்த்த இரண்டு இனங்களிலும் இன்றைய ஓடுகள் மெலிந்திருந்தன. அதிகபட்சமாக 76 சதவீதம்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

நாகர்கோவிலில் போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கே... முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கீங்களா? பழைய எக்ஸ்ரே இருக்கா?" என்றார்.

இருந்தது. 2009-ல் அம்மா புழக்கடையில் விழுந்தபோது எடுத்தது. அது என்ன ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும். 2010 ஜனவரி 15 அன்று எங்கள் ஊரில் கங்கண சூரிய கிரகணம். அம்மாவின் இடுப்பெலும்பைக் கத்தரிக்கோலால் பன்னிரண்டு துண்டாக வெட்டித் தெருப்பிள்ளைகளுக்கு விநியோகம் செய்தவன் நான். (எக்ஸ்ரே வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.) டாக்டரிடம், "இல்ல சார், எங்கயோ போயிருச்சு" என்றேன். "பரவால்ல, இருந்தா ஒப்பிட்டுப் பாத்திருக்கலாம்" என்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கடலுக்கு என்ன வந்தது? நாம் விடும் கரியமில வாயுவில் கிட்டத்தட்ட கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைத் தின்றுவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடலின் பி.ஹெச். இப்போது 8.1 அளவில். 'வெறும் 0.1தானே' என்று நானும் நினைத்தேன். இது வட்டி மாதிரி இல்லையாம், மடக்கைக் கணக்காம். அமிலத்தன்மை ஏறக்குறைய 30 சதவீதம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கடல் சூடாவதும் சேர்ந்துகொள்கிறது. மெலிவில் எதன் பங்கு எத்தனை என்று பிரிப்பது சுலபமில்லை.

எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. 1870-களில் அந்தப் பொடி ஓடுகளைக் கண்ணாடியில் ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி வைத்த மனுஷனுக்கு சி.டி. ஸ்கேன் தெரியாது. ராண்ட்கென் எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான். எதற்கு உதவும் என்றே தெரியாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்!

மறுபடி திமிங்கலத்துக்குக் கீழே வந்து நின்றேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, பத்தொன்பது பவுண்டுக்கு விற்ற ஒரு பொம்மையை எடுத்து, பெருக்கி, திரும்ப வைத்துவிட்டு, ரயில் ஏறினேன். "என்ன மாப்ளே, டைனோசர் பாத்தீங்களா?" என்றார் மச்சான். மறந்தே போயிருந்தேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அம்மாவின் எக்ஸ்ரேயைக் கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தேன். அம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குடா பீரோல பூட்டுற? அடுத்த கிரகணம் எப்போ?"

"கங்கண கிரகணம்னா 2031 மே மாசம்மா."

"அதுவரைக்கும் நான் இருந்தா, எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடு. போன தடவ ஊருக்கெல்லாம் குடுத்தியே, எனக்குத்தான் இல்லாம போச்சு."