சுவர் இடியும் முன்பே எழுதிய பாட்டு

ஹார்ட் ராக் இசைக்குழுக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காது கிழியப் பத்துப் பாட்டு பாடுவார்கள். நடுவில் ஒன்றை மட்டும் மெதுவாக ஆரம்பித்து, போகப்போக டிரம்ஸும் கிதாரும் சேர, உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். இதற்கு ‘பவர் பாலட்’ என்று பெயர். கடைசியில் எல்லாரும் முணுமுணுப்பது அந்த ஒன்றைத்தான். பெரும்பாலும் அது காதல் பாட்டாக இருக்கும்.

ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் குழுவுடைய ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ அப்படியில்லை. அதில் காதலியே கிடையாது.

1988-ல் இந்தக் குழு சோவியத் யூனியனுக்குப் போய், லெனின்கிராடில் பத்துக் கச்சேரிகள் நடத்தியது. லெனின்கிராட் சாதாரண ஊர் அல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் 872 நாட்கள் முற்றுகையிட்டு, லட்சக்கணக்கானோரைப் பட்டினியால் சாகவைத்த ஊர். அங்கே ஜெர்மன்காரர்கள் மேடையேறுவதென்றால் சும்மாவா? எங்கள் அப்பாக்கள் டாங்கியோடு வந்தார்கள், நாங்கள் கிதாரோடு வந்திருக்கிறோம் என்ற பொருளில் பாடகர் கிளவுஸ் மைனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் இரண்டு நாள் ராக் திருவிழா. பான் ஜோவி, ஆஸி ஆஸ்போர்ன் என்று பெரிய பட்டாளமே வந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துக் காவல் நிற்கவேண்டிய ராணுவ வீரர்கள், மேடைப் பக்கம் திரும்பி, தொப்பியைத் தூக்கி எறிந்து ரசித்தார்களாம். அந்த நாட்களில் ஓர் இரவு, மாஸ்க்வா நதியில் படகேறி கார்க்கி பூங்காவுக்குப் போனார்கள். பல நாட்டு இசைக்கலைஞர்களும் ரஷ்ய வீரர்களும் ஒரே படகில்!

ஊர் திரும்பிய மைனே, சில வாரங்களிலேயே பாட்டை எழுதிவிட்டார். அந்தக் குழுவில் மெட்டுப் போடுவது பெரும்பாலும் கிதார் கலைஞர் ருடால்ஃப் ஷெங்கரின் வேலை. இந்தப் பாட்டில் வரியும் மெட்டும் மைனேதான். ஆரம்பத்தில் வரும் விசிலும் அவருடையதே. இசைத்தட்டு கம்பெனியில் அந்த விசிலை எடுத்துவிடச் சொன்னார்களாம். நல்லவேளை, எடுக்கவில்லை.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். மைனே எழுதியது 1989 செப்டம்பரில். பெர்லின் சுவர் திறந்தது நவம்பர் 9-ல். பாட்டு பிறந்தபோது சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. வரிகளில் பெர்லின் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் இது சுவர் இடிந்த பாட்டு என்று உலகமே நினைப்பது எப்படி? வீடியோதான் காரணம். 1991 தொடக்கத்தில் பாட்டு தனியாக வெளியானபோது சுவரும் போய்விட்டது, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகிவிட்டன. மேடைக் காட்சிகளுக்கு நடுவே சுவர் எழுப்பப்படுவதையும் உடைக்கப்படுவதையும் வீடியோவில் சேர்த்தார்கள். மாஸ்கோ பாட்டு பெர்லின் பாட்டாகிவிட்டது. வீடியோ அருமைதான். ஆனால் நடந்து முடிந்ததைப் பாடுவது சுலபம். நடக்குமா என்று தெரியாமலேயே பாடியதுதான் இந்தப் பாட்டின் துணிச்சல். அதை வீடியோ கொஞ்சம் மறைத்துவிட்டது.

(அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. எழுதிக்கொடுத்த பாட்டு இது என்றுகூட ஒரு வதந்தி உண்டு. 2020-ல் அதைத் துருவி ஒரு பாட்காஸ்ட் தொடரே வந்தது. மைனே சிரித்துவிட்டார்!)

ரஷ்ய மொழியிலும் இதைப் பாடிப் பதிவு செய்தார்கள். 1991 டிசம்பரில் கிரெம்ளின் மாளிகைக்கே அழைத்து கோர்பசேவ் அவர்களைச் சந்தித்தார். அதே மாதம் 25-ம் தேதி அவர் பதவி விலக, சோவியத் யூனியனும் இல்லாமல் போனது.

அதன்பின் முப்பது வருடங்கள், மேடைக்கு மேடை அதே வரிகள். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அடுத்த மாதம் லாஸ் வேகாஸில் கச்சேரி. பாடுவதா, விடுவதா? ரஷ்யாவை அழகாகக் காட்டும் அந்தத் தொடக்கத்தை இனி அப்படியே பாட முடியாது என்று மைனே முடிவு செய்தார். 70 வயதைத் தாண்டிய மனிதர், தன் வாழ்நாளின் மிகப் பெரிய பாட்டில் மாஸ்க்வாவையும் கார்க்கி பூங்காவையும் எடுத்துவிட்டு, உக்ரைனின் பெயரை வைத்துப் பாடினார்.

யூடியூபில் இருக்கும் பழைய வீடியோவில் எதுவும் மாறவில்லை. அதில் இளம் வயது மைனே இன்னமும் மாஸ்க்வா நதியைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.