பார்த்துக் கொடுங்க

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமான பிறகு, இவ்வழியில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் நாள்தோறும் ஒரு மாவட்ட எல்லையைக் கடக்கிறார்கள். அவர்களுள் இருவர் ஒரே கல்லூரியில் பணியாற்றுகிறவர்கள். ஒருவர் நூலக உதவியாளர், நாற்பதைக் கடந்த பெண்மணி. மற்றவர் ஒப்பந்த முறையில் பாடம் நடத்தும் இளம் விரிவுரையாளர். இருவர் வீட்டிலும் தமிழ், கல்லூரியில் தெலுங்கு. கல்லூரி வாசலுக்குள் 'சார்', 'மேடம்'. பேருந்தில் ஏறியதும் 'தம்பி', 'அக்கா'.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. அம்மையாருடைய தம்பி சிறுவயதில் விளையாடிய வீடியோ கேம் சாமான்கள். அந்தத் தம்பி இப்போது குவைத்தில் இருக்கிறார். பழைய சாமான்காரர் மொத்தத்துக்கும் 600 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். விரிவுரையாளர் இத்தகையவற்றைச் சேர்ப்பவர் என்று நினைவுக்கு வரவே, அம்மையார் பெட்டியைப் பேருந்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். "வெலையெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நீங்களே பாத்துக் குடுங்க தம்பி."

இத்தொடர் மொழியியல் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று. தெலுங்கிலும் இதே இடத்தில் 'மீரே சூசி இவ்வண்டி' என்பார்கள். தமிழ் தென்திராவிடக் கிளை, தெலுங்கு தென்நடுத் திராவிடக் கிளை. ஆயினும் ஏகாரம் ஏற்ற முன்னிலைப் பெயர், பார்த்தலைக் குறிக்கும் வினையெச்சம், கொடுத்தலின் ஏவல் என்று உறுப்புக்கு உறுப்பு பொருந்தி வருகிறது. 'பார்த்து' என்பது இங்குக் கண்ணால் காண்பதை மட்டும் குறிப்பதில்லை. 'பார்த்துப் போ' என்பதில் உள்ள கவனமும் இதில் உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தொடர் சொல்லாமல் விடுகிறது. பொருளைப் பார்த்தா, விற்பவருடைய நிலையைப் பார்த்தா, இருவருக்கும் உள்ள பழக்கத்தைப் பார்த்தா? (அரசு அலுவலகங்களில் இதே 'பார்த்து' வேறொரு வேலை செய்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.) பேரம் பேசுவதில் முதலில் விலை சொல்பவர் தம் கையை வெளிக்காட்டிவிடுகிறார் என்பார்கள். 'நீங்களே பார்த்துக் கொடுங்க' என்பவர் விலையையே சொல்வதில்லை. நியாயமாக நடக்கும் பொறுப்பு முழுவதையும் எதிராளியின் தலையில் ஏற்றிவிடுகிறார்.

அன்றிரவு விரிவுரையாளர் பெட்டியைப் பிரித்தார். 1990களில் நம் ஊர்களில் பரவலாக விற்ற கருவி ஒன்று இருந்தது. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்களுள் ஒன்று. 'கேசட்' என்று நாம் அழைத்த மஞ்சள் நிறப் பேழைகள் ஏழு. மேலுறையில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும், உள்ளே பெயர் மாறிமாறி வருவன இருபதோ முப்பதோ இருக்கும். இவற்றுக்கு நினைவின் மதிப்புண்டு, சந்தையில் பெரிய மதிப்பில்லை.

அடியில் ஒரு துணிப்பையில் மடக்கும் வகைக் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி இருந்தது. மாமா ஒருவர் குவைத்திலிருந்து கொண்டுவந்ததாம். அதற்குள் ஒளி ஊடுருவும் பச்சைப் பேழை, போக்கிமான் எமரால்டு. 2004இல் ஜப்பானிலும் மறு ஆண்டு மற்ற நாடுகளிலும் வெளிவந்த ஆட்டம் அது. போலிகள் மலிந்த பேழையும் அதுவே. ஆகவே அவர் விளக்கடியில் வைத்துச் சோதித்தார். இணைப்பு முனைகளுக்கு மேலே தெரியும் பலகை விளிம்பில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. மேலொட்டில் ஆலையில் அழுத்திய சிறு எண் விரலுக்குத் தட்டுப்பட்டது. அசல்.

மின்னேற்றி இயக்கியபோது, உள்ளிருக்கும் மின்கலம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. தொடர்ந்து, யாரோ பாதியில் விட்ட ஆட்டமும் வந்தது. இந்த ஆட்டத்தில் மின்கலம் கடிகாரத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. சேமித்த ஆட்டம் வேறொரு நினைவகத்தில் இருப்பதால் மின்கலம் தீர்ந்தாலும் அழிவதில்லை. திரையில் அந்தத் தம்பியின் பெயர் இருந்தது. ஆடிய நேரம் 212 மணி.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 2,000 ரூபாய் கொடுத்தால் அக்கா மனம் குளிர்ந்துவிடும். பழைய சாமான்காரர் சொன்னதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒருவரும் குறை சொல்ல மாட்டார். பழைய பொருள் விற்பனை பற்றி ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையில், காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பரணில் கிடந்த விளையாட்டுச் சாமானில் நிலைமை தலைகீழ். வாங்குபவருக்குத்தான் தெரியும்.

தெரிந்தவர் வாய் திறக்காதிருந்தால் அது ஏமாற்றா? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. பேச வேண்டிய கடமை இருந்தாலோ மௌனமே பேச்சுக்கு ஒப்பானாலோ மட்டும் அது மோசடி. பிரிவின் கீழுள்ள எடுத்துக்காட்டுகள் சிறுகதைகளைப் போன்றவை. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் குறையைச் சொல்லாவிட்டால் மோசடி இல்லை. வாங்குபவள் அப்போதுதான் உரிய வயதடைந்த அவன் மகளாயின், அவன் சொல்லியாக வேண்டும். 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே கொள்வேன்' என்று வாங்குபவர் சொன்ன பிறகு வாய்மூடி இருப்பது பேசியதற்குச் சமம். இருவரும் வணிகராயின், விலை மாறிய இரகசியச் செய்தியை ஒருவர் மற்றவருக்குச் சொல்லத் தேவையில்லை.

அக்கா 'சார்' என்று அழைத்து விலை கேட்டிருந்தால் நான்காம் கதைக்குள் ஒதுங்கியிருக்கலாம். அவர் 'தம்பி' என்றார். உறவு இரண்டாம் கதையின் பக்கம் சாய்கிறது, 'பார்த்துக் குடுங்க' மூன்றாம் கதையின் பக்கம் இழுக்கிறது. நீதிமன்றம் இதை ஏற்குமா என்பது வேறு. பேருந்தில் அடுத்தடுத்து அமர்ந்து போகிறவர்களுக்கு நீதிமன்றம் எதற்கு? அந்தச் சாலையிலிருந்து காணிப்பாக்கத்துக்குக் கிளைவழி பிரிகிறது. அங்குள்ள பிள்ளையார் முன் சத்தியம் செய்து வழக்குத் தீர்ப்பது அப்பகுதியின் வழக்கம். ஆனால் சொன்னதற்குத்தான் சத்தியம் கேட்பார்கள். சொல்லாமல் விட்டதை யாரும் கேட்பதில்லை.

அவர் ஒரு தாளில் கணக்கிட்டார். இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். கேட்கும் விலை ஆசையின் அளவு, அவ்வளவே. கீல் தளர்ந்த கேம்பாய்க்கு 3,000. மின்கலம் மாற்றும் செலவு போக எமரால்டு பேழைக்கு 6,000. நகல் கருவிக்கும் ஏழு கேசட்டுக்கும் சேர்த்து 500. ஆக 9,500. கடைக்காரராயின் இதில் பாதியைத்தான் தருவார். வாடகை உண்டு, விற்கும்வரை முதல் முடங்கும், விலை போகாமலும் போகலாம். தமக்கென்று வைத்துக்கொள்பவருக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. கடைக்காரரின் விலையைச் சொல்லக் கடைக்காரரின் சுமை வேண்டும். ஒப்பந்த ஊதியத்தில் 9,500 சிறு தொகையன்று. இரண்டு தவணை என்று தாளின் அடியில் எழுதினார்.

மறுநாள் மாலைப் பேருந்தில் தாளைக் காட்டி, எது அசல், எது நகல் என்று விளக்கினார். அக்காவின் முகம் மலரவில்லை. சந்திரகிரி தாண்டும்வரை அவர் பேசவே இல்லை.

"அறுநூறுன்னா அது குப்பை. நானே போட்டிருப்பேன். இவ்வளவுன்னா அது அவன் சொத்தாச்சே. அவனைக் கேக்காம எப்படி விக்கறது?"

விரிவுரையாளர் இதை எதிர்பார்க்கவில்லை. விலை ஏறினால் விற்பவருக்கு இலாபம் என்று மட்டுமே கணக்குப் போட்டிருந்தார். குறிப்பிட்ட தொகையைத் தாண்டும்போது பொருளின் உரிமையாளரே மாறிவிடுவார் என்பது அவர் தாளில் இல்லை.

பூதலப்பட்டுக்கு அருகில் குவைத் எண் கிடைத்தது. தம்பி முதலில் கேட்டது, அமெரிக்காவில் பழைய மரியோ ஒன்று கோடிக்கணக்கில் போனதாமே என்பது. போனது உண்மை. 2021 ஆகஸ்டில் உறை பிரிக்காத சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஒன்று 20 இலட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 15 கோடி ரூபாய்க்கு, விற்றது. உறை பிரிக்காதது என்பதில்தான் அந்த விலை முழுவதும் இருக்கிறது. பரணில் கிடந்த பெட்டிகளுக்கு அச்செய்தி செய்த கெடுதல் கொஞ்சமல்ல. அடுத்துக் கேட்டது அக்காவுக்கு விளங்காமல், கைப்பேசி விரிவுரையாளரிடம் வந்தது.

"என் பேரு இன்னும் இருக்கா சார்?"

இருக்கிறது, 212 மணி நேரம் என்றார் விரிவுரையாளர். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. அந்தப் பேழையில் ஓர் ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். வாங்குபவர் தம் ஆட்டத்தைத் தொடங்கிச் சேமித்தால் பழையது போய்விடும். தாராளமாக விற்கலாம், ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார் தம்பி. சேமித்ததைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளும் சிறு கருவி உண்டு, அதை வாங்கி அனுப்பிவைக்கிறேன் என்றார் விரிவுரையாளர். அப்படியானால் கருவியின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார் தம்பி. வேண்டாம் என்றார் இவர். ஒருவர் குறைக்கச் சொல்ல, மற்றவர் மறுக்க, பேரம் தலைகீழாக நடந்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் முன்னிருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் 9,000 என்று முடிந்தது. பாதி உடனே, மீதி அடுத்த மாதச் சம்பளத்தில்.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்றார் விரிவுரையாளர்.

"ரெண்டு பக்கமும் தம்பி. நான் என்னத்தைச் சொல்றது?" என்றவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.